பீரங்கிக் கதவில் ஒரு பொட்டு

பிரான்ஸ்காரர்கள், பல்கலைக்கழகத்துக்காரர்கள், டெக்சஸ் பெரிய மனிதர்கள் என்று ஒரு கூட்டமே சுற்றி நின்றது. நடுவில் இருநூறு ஆண்டு கடலுக்கடியில் கிடந்த ஒரு பலகை. "நீ இந்தியன்தானே, இது உங்கள் பக்கத்து மரமா என்று பார்" என்றார் ஒருவர். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் குனிந்து முகர்ந்தேன். அழுகின முட்டை வாசனை அடித்தது. கண்ணை மூடிக் கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றேன். பிறகு, "மாமரம்" என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஒரு மெல்லிய சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். தேக்கு. சந்தேகமே இல்லாத தேக்கு. கரூரில் எங்கள் வீட்டில் மாமரமும் கிடையாது, தேக்கும் கிடையாது. ஒரே ஒரு முருங்கை நின்றது. அதையும் என் தங்கைதான் அடையாளம் காட்டுவாள்.

இப்படிப்பட்டவன் எப்படிப் பல வருஷம் பழைய கப்பல்களைக் காப்பாற்றும் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தான் என்று நீங்கள் கேட்கலாம். நம் தமிழ்ச் சங்க மலர் ஆசிரியர் கேட்கவில்லை. "இளைஞர்களுக்கு உத்வேகம் தருகிற மாதிரி எழுதுங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னார். போன மாதம் பழைய கூடத்துக்குப் போயிருந்தபோது, அங்கே இப்போது வேலை பார்க்கிற பையன் ஒருவன் போனைத் திறந்து காட்டினான். மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, எப்போது நிறுத்தலாம் என்று எல்லாம் அதிலேயே வருகிறதாம். "அந்தக் காலத்துல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான். பயந்துகொண்டே கண்டுபிடித்தோம் என்றேன். அவன் சிரித்தான். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

என் படிப்பு கெமிக்கல் எஞ்சினியரிங். முதல் வேலை நியூ ஜெர்சியில், பார்சிப்பனிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில். அங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, மருந்தை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, பனிக்கட்டியை நீராகவே விடாமல் நேராக ஆவியாக்கிக் காய வைப்பது. அந்த எந்திரத்துக்கு ஃப்ரீஸ் டிரையர் என்று பெயர். இன்னொன்று, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் ஒரு மெழுகுப் பொடி. பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போன மாப்பிள்ளை அங்கே என்ன தயாரிக்கிறார் என்று மாமனார் கேட்டால் "லைஃப் சயின்ஸ்" என்பேன்.

கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனோம். ஹெச்1பி விசா ஆசாமிக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிடைத்த இடத்துக்கெல்லாம் அப்ளை பண்ணினேன். டெக்சஸ் கடற்கரையோரம் பழைய கிடங்கு ஒன்றில், மூழ்கிய கப்பல்களின் மரத்தைப் பதப்படுத்தும் கூடம் இருந்தது. அவர்களிடம் ஒரு பிரம்மாண்டமான ஃப்ரீஸ் டிரையர். ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. மரத்துக்குள் ஏற்ற அவர்கள் பயன்படுத்திய மெழுகோ, சாட்சாத் என் மலச்சிக்கல் மெழுகின் ஒன்றுவிட்ட அண்ணன். என் வாழ்க்கையில் படிப்புக்கும் வேலைக்கும் அப்படிப் பொருத்தம் அமைந்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூடத்தின் தலைவி லொரெய்ன். டெக்சஸ்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பூட்ஸும் ஆண்கள் சட்டையுமாக, வாயில் எப்போதும் ஒரு பல் குத்தும் குச்சியோடு இருப்பார். பேச்சு குறைவு. திட்டவே மாட்டார். தப்பு செய்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார். நம்மைச் சரியாகப் பார்க்க விருப்பமில்லை என்று அதற்கு அர்த்தம். சாமிநாதன் என்ற என் பெயரை முதல் நாளே "சாம்" என்று வெட்டினார். வெட்டிய மீதியை அவர் திருப்பித் தரவே இல்லை.

அவருடைய சட்டங்கள் எளிமையானவை. கையுறை இல்லாமல் மரத்தைத் தொடக்கூடாது. மோதிரம் கூடாது, சென்ட் கூடாது, மரம் இருக்கும் இடத்தில் சாப்பாடு கூடாது. டிரையருக்குப் பக்கத்தில் நின்று "எல்லாம் நல்லா போகுது" என்று யாரும் சொல்லக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் மூடநம்பிக்கை இல்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். கண்ணாடி நெற்றிக்குப் போனது.

ஒரு பெரிய துண்டை டிரையருக்குள் ஏற்றி முடித்ததும், கதவைச் சாத்துவதற்கு முன் எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். பிறகு தினமும் காலையில் வந்ததும் புறங்கையை அதன் கதவில் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் அடிக்கிற குழந்தைக்கு வைக்கிற மாதிரி. அளவு காட்டும் முள்ளெல்லாம் எதிரிலேயே இருக்கும். அதை அப்புறம்தான் பார்ப்பார்.

இனி கப்பலுக்கு வருகிறேன். அவள் பெயர் லா பவார்ட். பிரெஞ்சில் வாயாடி என்று பொருளாம். நெப்போலியன் காலத்துப் போர்க்கப்பல். அவளுடைய சரித்திரத்தை எனக்குச் சொன்னவள் க்ளேர். பிரான்ஸிலிருந்து வந்து இந்தக் கப்பலை வைத்தே டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஒரு சாஃப்ட்வேர்காரரின் ரெஸ்யூமே படிக்கிற மாதிரியே இருந்தது.

மேற்கு பிரான்ஸில் ஒரு துறைமுகத்தில், நல்ல ஓக் மரத்தில் பிறந்தாள். வேலையில் சேர்ந்ததும் பெஞ்ச். துறைமுக வாசலில் ஆங்கிலேயர்கள் கப்பல்களை நிறுத்தி வழியை மறித்துவிட்டதால், பாய்மரங்களைத் துடைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா நின்றாள். ஒரு நல்ல மூடுபனியில் நழுவி வெளியே வந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி மொரீஷியஸ் போனாள். ஆன்சைட். அங்கிருந்து நம் வங்காள விரிகுடா வரைக்கும் வந்து, சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே போன கிழக்கிந்தியக் கம்பெனிச் சரக்குக் கப்பல்களைப் பிடித்தாள். அரிசி, வெடியுப்பு, துணி, எது கிடைத்தாலும் சரி. வெப்பக் கடலில் புழு அவள் அடிமரத்தைத் தின்றது. மொரீஷியஸில் கரையேற்றி, பிடித்த கப்பல் ஒன்றில் கிடைத்த தேக்கை வைத்து அடியிலும், மேலே பழுதான இடங்களிலும் ஒட்டுப்போட்டார்கள். நான் மாமரம் என்றது இந்தத் தேக்கைத்தான்.

அப்புறம் ஆங்கிலேயர்கள் அவளைப் பிடித்தார்கள். பெரிய சண்டை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. மாலுமிகளில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு, கப்பலின் அடியில் பாசியும் சிப்பியுமாக ஒரு காடே முளைத்திருந்தது, ஓட முடியவில்லை, மாட்டிக்கொண்டாள் என்கிறாள் க்ளேர். பிடித்தவர்கள் பெயரைக்கூட மாற்றவில்லை. அதே பவார்ட், அதே அறைகள், மேலே கொடி மட்டும் வேறு. டேக்ஓவர். போர் முடிந்ததும் ஆட்குறைப்பு. கடற்படை அவளை ஒரு வியாபாரிக்கு விற்றது. அவர் பீரங்கிகளை இறக்கிவிட்டு, ஓட்டைகளைப் பலகை அடித்து மூடி, சர்க்கரையும் தோலும் ஏற்றி ஓட்டினார். ரிட்டையர் ஆன பிறகு கன்சல்டிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு புயலில் எங்கள் டெக்சஸ் கரையோரம் மூழ்கினாள்.

இதில் ஒரு சிக்கல். இவ்வளவும் பழைய பவார்ட்டின் கதை. எங்கள் தொட்டியில் கிடந்த மரம் அந்தப் பவார்ட்தான் என்பதற்கு என்ன சாட்சி? மூழ்கும்போது அது சரக்குக் கப்பல். பிறந்ததிலிருந்தே சரக்குக் கப்பல்தான், போரையே பார்க்காத கிழட்டுப் படகு என்று சொல்லும் பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் க்ளேருடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவிலேயே இருந்தார். க்ளேரிடம் இருந்த ஒரே நேரடிச் சாட்சி, சரக்கறையில் தரைப் பலகையாகப் போட்டிருந்த ஒரு சதுரக் கதவு. அது பீரங்கிக் கதவு என்றாள் அவள். சரக்கறை மூடி என்றார் பேராசிரியர்.

பீரங்கிக் கதவு என்றால், கப்பலின் பக்கவாட்டில் பீரங்கி மூக்கை நீட்டும் ஓட்டைக்கு மூடி. அலை அடித்தால் சாத்திக்கொள்வார்கள். சண்டை என்றால் மேலே தூக்குவார்கள். அப்போது உள்பக்கம் எதிரிக்குத் தெரியும். அந்த உள்பக்கத்துக்குச் சிவப்புப் பூசுவது வழக்கம். நாக்கை நீட்டிக் காட்டுகிற மாதிரி. ஆகவே கதவின் உள்பக்கம் சிவப்புப் பூச்சு இருந்தால் க்ளேர் ஜெயித்தாள். இல்லையென்றால் அது மூடி, கப்பல் படகு, நாலு வருஷ ஆராய்ச்சி அம்பேல். ஆனால் மரம் சேறும் கறுப்புமாக ஊறிக் கிடந்தது. காய வைத்த பிறகுதான் எதையும் பார்க்க முடியும்.

காய வைப்பதுதான் என் தலைவலி. தண்ணீரில் ஊறின பழைய மரத்தை வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி சுருண்டு நொறுங்கும். அதனால் முதலில் தொட்டியில் போட்டு, மெழுகுக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக்கொண்டே போக வேண்டும். மரத்துக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வர, அந்த இடத்தில் மெழுகு உள்ளே போகும். இதற்கே சில வருஷம். அவசரப்பட்டால் தண்ணீர் ஓடிவிடும், மெழுகு போயிருக்காது, மரம் உள்வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு உறைய வைத்து டிரையரில் ஏற்ற வேண்டும். உள்ளே ஒரு தராசில் மரம் தொங்கும். பனி ஆவியாகப் போகப் போக எடை குறையும். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அது வரைக்கும் சூட்டை மயிரிழை மயிரிழையாகத்தான் ஏற்ற வேண்டும்.

இந்தக் கதவில் அதற்கும் மேலே ஒரு வம்பு. இரண்டு அடுக்குப் பலகை. வெளி அடுக்கு ஓக், குத்துவாட்டம். உள் அடுக்கு மொரீஷியஸில் மாற்றிய தேக்கு, படுக்கைவாட்டம். இரண்டையும் சேர்த்து இரும்பு ஆணி. ஓக் மெழுகை நன்றாகக் குடித்தது. தேக்கு பத்தியக்காரன் மாதிரி உதட்டை நனைத்துக்கொண்டதோடு சரி. காயும்போது ஒன்று ஒரு பக்கம் சுருங்கும், மற்றது வேறு பக்கம் சுருங்கும். நடுவே ஆணி இரண்டு பேரையும் பிடித்து வைத்திருக்கும். கூட்டுக்குடும்பம். எங்கே வெடிக்கும் என்று தெரியாது. வெடிக்கும் என்பது மட்டும் தெரியும். லொரெய்ன் ஒரு மாதம் முடிவெடுக்காமல் இருந்தார். அவர் தயங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சமயம் நவராத்திரி வந்தது. என் மனைவி பிரேமா சுகர்லேண்ட் வீட்டில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, மேலே வேட்டி விரித்துக் கொலு வைப்பாள். அந்த வருஷம் லொரெய்னையும் கூப்பிட்டாள். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார். பிரேமா அவர் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். வந்திருந்த இன்னொரு அம்மாளுக்கு லொரெய்னையே இடச்சொல்லி, மோதிர விரலால் மெல்லத் தொட்டு வைக்க வேண்டும், முதலில் சந்தனம், அது மேலே குங்குமம் என்று சொல்லியும் கொடுத்தாள். போகும்போது வெற்றிலை பாக்கு, மஞ்சள், சந்தனம், குங்குமப் பொட்டலம் எல்லாம் வைத்த பையைக் கையில் கொடுத்து அனுப்பினாள். ஆயுத பூஜையன்று எந்திரங்களுக்குப் பொட்டு வைப்போம் என்று பேச்சு வந்தபோது லொரெய்ன் ஏன் என்று கேட்டார்.

"வருஷம் முழுக்க நமக்காக உழைக்குது. ஒரு நாளாவது அதுக்கு நன்றி சொல்ல வேண்டாங்களா?" என்று நான் மொழிபெயர்ப்பேன் என்ற நம்பிக்கையில் பிரேமா தமிழிலேயே சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். லொரெய்ன் தலையை ஆட்டினார்.

அந்தத் தைரியத்தில் பூஜையன்று கூடத்துக்குச் சந்தனம், குங்குமச் சம்படத்தோடு போனேன். லொரெய்ன் வாசலிலேயே நிறுத்தினார். "எந்திரத்துக்கு என்ன வேணா பண்ணு சாம். மரத்துக்கிட்ட அந்தப் பொடி போச்சுன்னா, உன்னையும் தொட்டியில போட்டுருவேன்." டிரையருக்குப் பொட்டு, பம்ப்புக்குப் பொட்டு, ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பொட்டு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஹெக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும் என்றதும் தானே ஓடிப்போய் நாலு பழம் வாங்கிவந்தார். மரம் இருந்த பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சத்தியமாக.

லொரெய்ன் ஒருவழியாக முடிவெடுத்து உறைய வைத்திருந்த பீரங்கிக் கதவை மறுநாள் டிரையரில் ஏற்றினோம். உறைந்து கல்லாக இருந்தது. ஹெக்டர் தூக்க, நான் பிடிக்க, உள்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி தராசில் மாட்டினோம். லொரெய்ன் தன் வழக்கமான சுற்றை முடித்தார். டிரையர் கதவைச் சாத்தினேன், பம்ப்பை ஓட்டினேன்.

பிறகு காத்திருந்தோம். எடை குறைந்தது. லொரெய்ன் காலையில் புறங்கை வைத்துப் பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் "டிக்" என்று ஒரு சத்தம். கூடமே நின்றது. பலகை விரிந்தால் அப்படித்தான் சத்தம் வரும். லொரெய்ன் டிரையரில் காதை வைத்தார். க்ளேர் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு "டிக்". ஹெக்டர்தான் கண்டுபிடித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மேஜை மேல் எவர்சில்வர் டப்பா. சூடான ரசம் ஆற ஆற அதன் மூடி உள்வாங்கிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எவர்சில்வருக்கும் தடை.

குளிர்காலம் போய் வெயில் வந்தபோது எடை அசையாமல் நின்றது. திறந்தோம். லொரெய்ன் டார்ச்சைப் பலகையோடு பலகையாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓரம் ஓரமாக, ஆணி ஆணியாகப் பார்த்தார். ஒரு விரிசல்கூட இல்லை. அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். கூடத்தில் அதற்குப் பெயர் கொண்டாட்டம்.

கதவு க்ளேரிடம் போனது. மேலே படிந்த மெழுகை அவள் தூரிகையால் தேய்த்து எடுத்தாள். அங்கங்கே பழுப்புச் சிவப்பாகத் திட்டுகள் தெரிந்தன. ஆனால் ஆணித் துருவும் அதே நிறம்தான். பேராசிரியர் துரு என்றே சொல்வார். பிறகு, நடுவில், விளக்கைக் கிட்டத்தில் பிடித்தபோது, மரத்துக்குள் ஊறிய ஒரு புள்ளி. துரு இல்லை. சந்தேகமே இல்லாத சிவப்பு. க்ளேர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அந்த இடத்திலிருந்து ஊசி முனையளவு எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அன்றைக்கே பேராசிரியருக்கும் எழுதிவிட்டாள், சிவப்பு கிடைத்துவிட்டது என்று.

முடிவு வந்தது. நவீன காலத்துச் சாயம். கூடவே மஞ்சள். அடியில் கொஞ்சம் சந்தனம்.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தக் கூடத்தில் சந்தனமும் குங்குமமுமாகச் சுற்றி வந்த ஒரே பிறவி நான். முன்பு ஒருமுறை தொட்டிக்குள் பிளாஸ்டிக் நண்டைப் போட்டு, அதற்கு எண் எழுதின சீட்டும் கட்டி வைத்தவன் நான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், இதுதான் நெப்போலியன் குளித்த தொட்டி என்று சொல்லி டீச்சரிடம் மாட்டிக்கொண்டவனும் நான். மரத்தை நான் தொடவே இல்லை என்றேன். ஹெக்டர் பரிதாபமாகப் பார்த்தார். க்ளேர் என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள். மற்ற திட்டுகளைக்கூட இனி யாரும் நம்பமாட்டார்கள், இந்தக் கூடத்திலிருந்து எது வந்தாலும் குங்குமம் என்பார்கள் என்றாள். அவள் சொன்னது சரி. ஒரு பொட்டு, போர்க்கப்பலைப் படகாக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து பிரேமாவிடம் சொன்னேன். "ஏனுங்க, அத்தனை பொருள் இருக்கற எடத்துல உங்க கை சும்மா இருந்திருக்குமா?" என்றாள். ஃப்ரீமான்ட்டில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டால் பேத்தி எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தாத்தா, யூ டோட்டலி டிட் இட்" என்றாள். ரத்த பாசம்.

மறுநாள் லொரெய்ன் எங்களைக் கூப்பிட்டார். நான் ராஜினாமாவை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன்.

"சாம் பண்ணலை" என்றார்.

எப்படித் தெரியும் என்று க்ளேர் கேட்டாள். தெரியும் என்றார். அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே பார்த்த மனுஷி, ஆதாரமே இல்லாமல் என் பக்கம் நிற்கிறாரே என்று.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய விஷயம். கதவின் உள்பக்கத்தில், இழுத்து மூடுவதற்கு ஒரு இரும்பு வளையம். அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. மொரீஷியஸில் தேக்கை மாற்றியபோது அடித்த தகடு, அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அதற்கடியில் சிவப்பு இருந்தால் அதை நானும் வைத்திருக்க முடியாது, வேறு யாரும் வைத்திருக்க முடியாது. ஆனால் தகட்டின் ஆணி இரண்டு அடுக்கையும் துளைத்துப் போகிறது. துருவேறி மரத்தோடு மரமாகப் பிடித்துக்கொண்டது. அதை அசைத்தால், இவ்வளவு பாடுபட்டும் வெடிக்காத பலகை கையிலேயே வெடிக்கலாம். க்ளேரே வேண்டாம் என்றாள்.

லொரெய்ன் கேட்கவில்லை. தானே செய்தார். முதலில் ஆணியின் தலையை மெல்லிய அரத்தால் அராவி எடுத்தார், தண்டை அசைக்கவே இல்லை. இரும்புத் தூளை நான் சின்ன உறிஞ்சியால் இழுத்துக்கொண்டே இருந்தேன். அரை நாள் ஆனது. பிறகு தகட்டின் ஒரு ஓரத்தில் மூங்கில் சீவலைச் செருகினார், எதிர் ஓரத்தில் இன்னொன்று. ஒன்றைத் தள்ளிவிட்டு நிறுத்துவார். காதை வைத்துக் கேட்பார். மற்றதைத் தள்ளுவார். நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை. நான் அன்றைக்கு ரசமும் கொண்டுபோகவில்லை. தகடு சட்டென்று தளர்ந்து வந்தது. லொரெய்ன் அதைத் திருப்பாமல் அப்படியே தூக்கினார்.

அடியில் சிவப்பு. வட்டமாக, நேற்றுப் பூசின மாதிரி. க்ளேர் அன்றைக்கென்று பல்கலைக்கழகத்திலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை இரவல் வாங்கி வந்திருந்தாள். வைத்து அழுத்தினால் எந்த உலோகம் இருக்கிறதென்று சொல்லும். வைத்தாள். ஈயம். பழைய கப்பல் பூச்சில் போடுகிற ஈயச் செந்தூரம். துருவில் ஈயம் வராது, குங்குமத்திலும் இல்லை. மற்ற திட்டுகளிலும் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் ஈயம். நடுவில் இருந்த அந்த ஒரு பொட்டில் மட்டும் இல்லை.

க்ளேர் பட்டம் வாங்கினாள். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். வாயாடி மறுபடி போர்க்கப்பல் ஆனாள். பொட்டைப் பற்றி ஆராய்ச்சியில் ஒரு அடிக்குறிப்பு வருகிறது: கூடத்தில் அண்மையில் ஏற்பட்ட கறை. அந்தக் கறை நான்தான் என்று இன்றைக்கும் அந்தத் துறையில் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

க்ளேர் ஊருக்குப் போகும் முன் அந்தப் பொட்டைப் பெரிதாக்கி எடுத்த படம் ஒன்றை எனக்கு அனுப்பினாள், மன்னிப்புக் கேட்டு. பிரேமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது நீங்க வெச்சதில்லைங்க" என்றாள்.

"அதைத்தானே அப்போலேர்ந்து சொல்றேன்."

"நீங்க கட்டை விரலால அப்பி, இழுத்து விட்டுருப்பீங்க. பூஜை ரூம்ல சாமி படமெல்லாம் பாருங்க, காயம்பட்ட மாதிரி இருக்கு. இது மோதிர விரலால மெல்லத் தொட்டு வெச்சது. சந்தனத்தை வெச்சு, அதுக்கு நடுவுல அளவாக் குங்குமம். புதுசாக் கத்துக்கிட்டு ரொம்பப் பயந்து வெச்ச மாதிரி இருக்கு."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களை வெளியே அனுப்பிவிட்டு லொரெய்ன் தனியாகச் சுற்றி வந்த அந்தச் சுற்று, இந்தத் தடவை கொஞ்சம் நீண்டுவிட்டது என்று நானும் ஹெக்டரும் காபி ஆறும் வரை நின்றது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் லொரெய்ன் டிரையர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வேறொரு பலகை, புறங்கை கதவில். பக்கத்தில் போய் நின்றேன். கடவுளை நம்பாத, ஜாதகத்தை நம்பாத, எந்திரத்தின் முள்ளையே நம்பாத மனுஷி ஒருவர் எதற்காக ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலுக்குப் பொட்டு வைத்தார் என்று, என்னால் முடிந்த மரியாதையோடு கேட்டேன். அவர் கையை எடுக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"விரிசல் விழலை, இல்ல?"